தரை என்று சொல்லும் வரை

நாற்பது வருடமாக எவரும் திரும்பிப் பார்க்காத அந்தத் தெருவுக்கு நல்ல காலம் வந்தபோது, அது கையில் அளவு டேப்போடும் கழுத்தில் கேமராவோடும் வந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி, ஐம்பது வயதுக்குள் இருக்கும், முதல் வீட்டில் ஆரம்பித்துச் சுவர் சுவராகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பழைய வீடுகளைக் காப்பாற்றும் குழுவிலிருந்து வருகிறாராம். தெருக்காரர்கள் அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு டேப்பம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிற விஷயத்தில் அந்தத் தெரு யாருக்கும் சளைத்ததில்லை.

துறைமுகம் அங்கிருந்த காலத்தில் அது கிடங்குத் தெரு. கீழே கிடங்கு, நடுவில் குடித்தனம், உச்சியில் மறுபடியும் கிடங்கு என்று ஒவ்வொரு வீடும் மூன்று அடுக்கு. துறைமுகம் வேறு இடத்துக்குப் போன பிறகு, சரக்கு போய் ஈரம் மட்டும் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் விரலோடு சுண்ணாம்பு வரும். ஏற்கெனவே மூன்று வீடுகளை ஆபத்தானவை என்று பூட்டி, இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளுக்கு அனுப்பியாகிவிட்டது. அடுத்தது யார் வீடு என்பதுதான் தெருவில் பேச்சு. பேச்சு பெரும்பாலும் கப்பிக்காரர் வீட்டில் போய்த்தான் நிற்கும்.

கப்பிக்காரர் என்பவர் அந்த வீட்டுப் பெரியவர். எண்பதைத் தொட்டவர். வாலிபத்தில் தெருவில் நின்றுகொண்டு கப்பியில் கயிறு இழுத்து, மூட்டைகளை உச்சிக் கிடங்குக்கு ஏற்றியவர். ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் உச்சியில் ஒரு உத்தரம் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் கப்பி தொங்கும். அதற்கு நேர்கீழே, உச்சியில் இருப்பது போலவே நடுமாடியிலும் ஆளுயரத்துக்கு இரட்டைக் கதவு. சரக்கு உள்ளே வருவதற்கான கதவு அது. திறந்து ஒரு அடி வைத்தால் நேரே தெருவுக்குத்தான் போக வேண்டும். மருமகளாக வந்த புதிதில் அதை பால்கனிக் கதவு என்று நினைத்துத் திறக்கப் போனவள், மாமனார் போட்ட சத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபது வருடமாக வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மருமகள் பழைய துணிகளைத் தைத்துத் திருத்திக் கொடுக்கிறவள். அகலத்தைக் குறைப்பது, நீளத்தைக் கூட்டுவது, ஜிப் மாற்றுவது. புருஷன் பஸ் டிரைவர். பிள்ளை குட்டி இல்லை. அதனால் அவளுக்குக் குழந்தையும் மாமனார்தான், தோழியும் மாமனார்தான். இதை அவளே தையல் மிஷினில் கால் ஆட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் சொல்வாள்.

வீட்டின் கீழ்த்தளத்தைப் பெரியவருடைய அண்ணன் எப்போதோ ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர்களுக்கு மிஞ்சியது நடுமாடியும் உச்சியும், வீட்டை ஒட்டிப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு அறையும். அந்த அறையில்தான் கப்பிக்காரர் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கால் பாதி செத்துப்போன பிறகு அவரால் படி ஏற முடியவில்லை. அறையின் கதவு தெருவைப் பார்த்தது. கதவருகே ஒரு நாற்காலி. பக்கத்தில் மருமகளின் தையல் மிஷின். காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி நாலு வார்த்தை பேசி அனுப்புவார். அவரைத் தாண்டி ஒருவன் அந்தத் தெருவில் பேசாமல் நடந்து போய்விட முடியாது.

அவரை உட்கார வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. மருமகள் அவர் அக்குளில் கை கொடுத்து மெல்ல இறக்குவாள். உடம்பு நாற்காலியில் முழுதாகப் பதிந்ததும் அவர் "தரை" என்பார். அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுப்பாள். அது கயிற்று வேலையில் வந்த வழக்கம். மூட்டையை இறக்கும்போது கீழே நிற்கிறவன் மூட்டையில் கை வைத்துப் பார்த்து "தரை" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராமல் கயிற்றுக்காரன் பிடியை விடக் கூடாது.

"கண்ணு பொய் சொல்லும்மா" என்பார். "மூட்டை தரையில இருக்கிற மாதிரிதான் தெரியும். வண்டி விளிம்புல ஒரு முனை தொத்திக்கிட்டு நிக்கும். ஒரு தடவை கண்ணால பாத்து விட்டுட்டோம். ஒருத்தன் கால் போச்சு. அன்னையிலேர்ந்து வாயால சொன்னாத்தான் விடுவேன்."

அவள் ஒருநாளும் அந்தச் சொல் வராமல் கையை எடுத்ததில்லை. சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். அவளும் குனிந்தபடியே நிற்பாள். இடுப்பு விட்டுப்போகிறது, சொல்லித் தொலையுங்கள் மாமா என்று அவள் கெஞ்சிய பிறகு, ஏதோ தானம் கொடுப்பவர் போல அந்தச் சொல்லைக் கொடுப்பார்.

டேப்பம்மா அந்த வீட்டுக்கு வந்தது ஒரு தூறல் நாளில். மாடியெல்லாம் ஏறி இறங்கி, கூரை ஒழுகுகிற இடங்களில் வைத்திருந்த வாளிகளையெல்லாம் படம் பிடித்துவிட்டு, கடைசியில் கீழே அறைக்கு வந்தார். மருமகள் டீயும் ரொட்டியும் கொடுத்தாள். நல்ல பெண்மணி. ஈர பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கப்பிக்காரருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து வேலையைப் பற்றிக் கேட்டார். வெறுமனே கேட்கவில்லை, எழுதிக்கொண்டார். தன் வாயிலிருந்து வருவதை ஒருவர் பேனாவால் எழுதுவதை எண்பது வயதில் முதல் தடவையாகப் பார்த்த மனிதருக்கு எப்படி இருக்கும்? கயிறு எத்தனை முறுக்கு, ஒரு மூட்டைக்கு எத்தனை இழுப்பு, தரை என்ற சொல் எதற்கு என்று வரிசையாகச் சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியதால் இழுத்து இழுத்து வந்த பேச்சை டேப்பம்மா பொறுமையாகக் கேட்டார்.

எழுந்து புறப்படும்போதுதான் அறையின் சுவரைத் தடவினார். பெரிய பெரிய செங்கல். கிடங்குக் காலத்துச் செங்கல்.

"இந்த ரூமும் வீடு கட்டினப்பவே கட்டினதுதானே ஐயா? செங்கல் அதே செங்கலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதப் போனார்.

அந்த நேரத்தில் கப்பிக்காரர் ஒரு "ம்" போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாரு சொன்னா? இது நான் கட்டினதும்மா" என்றார். "பதினெட்டு வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரிக்குக் கால் வீங்கி மாடி ஏற முடியாமப் போச்சு. அந்தக் கோடியில ஒரு கிடங்கை இடிச்சாங்க. அந்தச் செங்கலையெல்லாம் ஒவ்வொண்ணா நானே தூக்கிட்டு வந்தேன். ஒரு கொத்தன் கை வைக்கல. பழசா புதுசான்னு உங்களாலயே கண்டுபிடிக்க முடியல பாத்தீங்களா?"

டேப்பம்மாவின் பேனா அப்படியே நின்றது. நம்பாதவர் போல மருமகளைப் பார்த்தார். மருமகளுக்கும் அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆமாங்க. கலவை கலந்தது நான்தான். கல்யாணமாகி ரெண்டே வருஷம் அப்ப. உள்ளங்கையெல்லாம் வெந்துபோச்சு" என்றாள். அதோடு நிறுத்தினாளா? கட்டிலை நகர்த்தி, சுவரின் அடியில் ஈரக் கலவையில் மாமனார் ஆணியால் கீறியிருந்த வருடத்தையும் காட்டினாள். டேப்பம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படம் பிடித்துக்கொண்டார்.

கடிதம் ஆறு வாரத்தில் வந்தது. வீடு காப்பாற்ற வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டது. கூரை, சுவர், சரக்குக் கதவு, உத்தரம் எல்லாவற்றையும் குழுவே சரி செய்து கொடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை. பிற்காலத்தில் சேர்த்த கட்டுமானங்களை அகற்றி, வீட்டை அதன் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சம்மதம் இல்லையென்றால் இந்த வீடும் ஆபத்தானது என்று பூட்டப்படும். வெளியேற மூன்று மாத அவகாசம்.

பஸ் டிரைவர் கடிதத்தை மூன்று தடவை படித்தான். மனைவியிடம் கொடுத்தான். அவள் படித்துவிட்டு, பிற்காலம் என்றால் எது என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் குழு ஆபீஸுக்குப் போனார்கள். டேப்பம்மா எழுந்து வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே இருப்பவர்களிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்துவிட்டாராம். ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்தால் தெரு முழுவதும் தகரக் கொட்டகைகளுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்களாம்.

"நீங்க அதை எழுதாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றாள் மருமகள்.

"நான் பழசுன்னுதாங்க எழுதப் போனேன்" என்றார் டேப்பம்மா. "நீங்கதான் வருஷத்தையே காட்டினீங்க."

படியை அகலப்படுத்தித் தர முடியுமா என்று டிரைவர் கேட்டான். படியும் பழசு, அதில் கை வைக்கக் கூடாது. கீழ்த்தளத்து வியாபாரியிடம் போய் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மூலை கேட்டார்கள். அவர் ஏற்கெனவே ஒரு காபிக் கடைக்குக் கொடுத்தாகிவிட்டது. நல்ல காலத்தின் வாசனை வியாபாரிகளின் மூக்குக்குத்தான் முதலில் எட்டும். எல்லோருமாக அடுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், இவர்களுக்கு ஒதுக்கியது ஒன்பதாவது மாடி. அங்கே லிப்ட் இருக்கிறதே என்றார் ஆபீஸில் ஒருவர். ஏற்கெனவே போனவர்கள் அந்த லிப்டைப் பற்றிச் சொன்னதை டிரைவர் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் மூன்று நாள் சண்டை. சண்டை என்றால் சத்தம் இல்லை. தட்டை வைப்பதிலும் கதவைச் சாத்துவதிலும் நடக்கிற சண்டை. வாளி வைத்தே ஆயுசை ஓட்ட முடியாது என்று அவன் சொன்னான். அவர் சாகிற வரையாவது ஓட்டலாமே என்றாள் அவள். ஆனால் படுக்கைக்கு மேலே கூரை தொங்குவதைத் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு தூங்குகிறவள் அவளும்தான். உலர்ந்த வீட்டுக்கு அவளுக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசைக்காகவே பிற்பாடு தன்னை அவள் மன்னிக்கவில்லை.

கடைசியில் பெரியவர்தான் முடித்து வைத்தார். "இடிங்கடா" என்றார். "ரூமைப் பத்தி ஊருக்கெல்லாம் பீத்திக்கிட்டது நான்தானே. ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைக் கீழ கொண்டுவந்து உக்கார வைக்கணும். தெருவைப் பாக்காம என்னால இருக்க முடியாது."

டிரைவர் சத்தியம் செய்தான். மனதாரத்தான் செய்தான். வீட்டார் சார்பில் மருமகள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள், அவன் டியூட்டியில் இருந்த நேரத்தில்.

அவரை மேலே கொண்டுபோன அன்று டிரைவர் அவரை முதுகில் சுமந்தான். எலும்பு பெருத்த உடம்பு. படி ஆள் அகலத்துக்கு மேல் ஒரு சாண்தான் இருக்கும். ஏழாவது படியில் சடாரென்று திரும்பும். அந்தத் திருப்பத்தில் பெரியவரின் நெற்றி சுவரில் இடித்தது, செத்த கால் கைப்பிடியில் சிக்கியது. மருமகள் பின்னால் நின்று காலை விடுவித்தாள். மேலே போய்க் கட்டிலில் இறக்கினார்கள். அவள் அக்குளில் கை கொடுத்தபடி காத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுங்கப்பா, இடுப்பு போகுது எனக்கு" என்று மகன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இது தரை இல்லடா" என்றார் அவர்.

அவள் எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ. பிறகு முதல் தடவையாக, சொல் வராமல் கையை எடுத்தாள்.

அறையை இடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. கடப்பாரைச் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. செங்கல்களை வீணாக்காமல் அடுக்கி எடுத்துப்போனார்கள், வேறு வீடுகளின் சுவருக்கு. நல்ல செங்கல் என்று மேஸ்திரி பாராட்டினாராம்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வெளுத்த சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு, கூரைக்கு ஓடு, ஜன்னலுக்குக் கண்ணாடி. தெருவில் சாரம் கட்டாத வீடு இல்லை. மருமகளின் தையல் மிஷின் மாடிக்கு வந்துவிட்டதால், துணி கொண்டு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஒரு பேண்டின் நீளத்தைக் குறைக்க யார் அந்தப் படியில் ஏறுவார்கள்?

சரக்குக் கதவையும் உத்தரத்தையும் சரி செய்ய ஒரு தச்சர் வந்தார். வாய் ஓயாத மனுஷர். உத்தரம் அழகுக்குத்தான், புதுக் கப்பி மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவு போதும் என்று குழுவில் சொன்னார்களாம். தச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"அழகுக்கு மட்டும் மாட்ட எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்று பெரியவரிடம் முறையிட்டார். "நான் மாட்டினா அது கனம் தாங்கும். வேணும்னா யாரும் தூக்காம இருந்துக்கட்டும்."

அந்த ஒரு மாதம் கப்பிக்காரருக்கு உயிர் வந்தது. கட்டிலில் சாய்ந்தபடி தச்சருக்கு உத்தரவு போட்டார். ஆணியை எங்கே அடிப்பது, எண்ணெய் எவ்வளவு விடுவது எல்லாம் அவர்தான். தச்சர் பக்கத்து வீட்டு வேலைக்காகக் கொண்டுவந்த புதுக் கயிற்றுச் சுருளை இங்கேயே போட்டு வைத்திருந்தார். அதை மடியில் போட்டு, அடி அடியாக விரலால் நெருடிப் பார்த்து, இது தாங்கும் என்று பெரியவர் சான்றிதழ் கொடுத்தார். தச்சர் போன பிறகு சரக்குக் கதவுக்கு உள்பக்கம் பாதுகாப்புக்காக ஒரு கண்ணாடித் தடுப்பைத் திருகி மாட்டினார்கள். வெளியே பார்க்கலாம், எட்டிப் பார்க்க முடியாது. வானமும் எதிர் வீட்டுக் கூரையும் தெரியும். தெரு தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினால் நாலு தேறும். நாலாவது தடவை மேலே ஏற்றும்போது ஏழாவது படியில் டிரைவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நாள் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் கிடந்தான். அதன் பிறகு பெரியவரும் கேட்கவில்லை, அவனும் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லையே வீட்டில் உபயோகிக்காமல் நடந்துகொண்டார்கள்.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது அவர் மருமகளிடம் கேட்டார்.

"ஏம்மா, என்னை அந்தக் கப்பியில கட்டி இறக்கி விடேன்."

அவள் சிரித்தாள்.

"சிரிக்காத. உத்தரம் தாங்கும், கயிறு தாங்கும். மூட்டையைவிட நான் கனமா? பலகையில கட்டி, கீழ நாலு பேரு பிடிச்சா கால் மணி நேர வேலை. கயித்தைக் கையில சுத்திக்கக் கூடாது, அது ஒண்ணுதான். கைக்குக் கை மாத்தி விடணும்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தான். கீழே காபிக் கடையில் கூட்டம் உட்கார்ந்திருக்கும், எங்கள் அப்பாவை மூட்டை மாதிரி தொங்கவிட்டால் தெரு சிரிக்காதா, கயிறு அறுந்தால் யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டான். சத்தம் பக்கத்தில் படுத்திருந்தவருக்கும் கேட்டது. அவள் அதோடு விட்டுவிட்டாள். மறுநாள் பெரியவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. யாராவது நடந்து போகிற சத்தம் கேட்டால், இது இன்னார் செருப்பு, இது இன்னார் கைத்தடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் நின்றது. தெருவில் நடப்பவர்கள் பாதிக்கு மேல் தெரியாத செருப்புகளாகிவிட்டார்கள்.

வீட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை. டிரைவர் விடிந்ததுமே டியூட்டிக்குப் போய்விட்டான். மருமகள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தடால் என்று சத்தம் கேட்டு ஓடி வந்தால், பெரியவர் கண்ணாடித் தடுப்பின் அடியில் மல்லாந்து கிடந்தார். கட்டிலிலிருந்து நாற்காலியைப் பிடித்து, நாற்காலியிலிருந்து சுவரைப் பிடித்து, தன்பாட்டுக்கு எட்டடி நடந்திருக்கிறார். கீழே எதையோ பார்க்கப் போயிருக்கிறார். இடுப்புக்குக் கீழே நல்ல கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அவள் தொட்டதும் அவர் போட்ட அலறல் தெருவில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களை நிமிர வைத்தது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. குறை சொல்ல முடியாது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்து, இடுப்பு முறிந்திருக்கிறது, மடக்கக் கூடாது, படுத்தவாக்கில்தான் தூக்க வேண்டும் என்றார்கள். படுத்தவாக்கில் தூக்கினார்கள். ஏழாவது படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சாய்த்தார்கள். அவர் அலறினார். நிமிர்த்தினார்கள். சுவர் இடித்தது. மறுபடி மேலே கொண்டுபோய், தலைப்பக்கம் மாற்றிக் கொண்டுவந்தார்கள். மறுபடி அதே படி. இப்படி முக்கால் மணி நேரம். மூன்றாவது தடவை மேலே கொண்டுபோகும்போது அவர் அலறுவதை நிறுத்திவிட்டார். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது. ஆம்புலன்ஸ்காரர்களில் மூத்தவர் தன் துணையைப் பார்த்த பார்வை மருமகளுக்குப் பிடிக்கவில்லை.

"கப்பி" என்றார் பெரியவர். குழறிக்கொண்டு வந்தாலும் அவளுக்கு விளங்கியது.

பக்கத்து வீட்டில் வேலையாக இருந்த தச்சரை ஜன்னல் வழியே கூவிக் கூப்பிட்டாள். அவர் வந்ததும் கண்ணாடித் தடுப்பைக் காட்டினாள். குழுவைக் கேட்க வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. பத்துத் திருகாணி. ஒன்பதைக் கழற்றினார், பத்தாவது சுழலாமல் நின்றபோது சுத்தியலால் கண்ணாடியையே உடைத்துவிட்டார். உச்சிக்கு ஏறி, இங்கே போட்டு வைத்திருந்த கயிற்றைக் கப்பியில் கோத்து இறக்கி, ஸ்ட்ரெச்சரின் நாலு முனையிலும் முடிச்சுப் போட்டார். பெரியவரின் கையை எடுத்து ஒரு முடிச்சின் மேல் வைத்து, சரியா ஐயா என்று கேட்டார். விரல் முடிச்சைச் சுற்றி ஒரு தடவை நகர்ந்தது. சரி என்று தலையசைத்தார்.

மருமகள் கீழே ஓடினாள். வெளியே ஏழெட்டுப் பேர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே டேப்பம்மா. சனிக்கிழமைதோறும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து தெருவைச் சுற்றிக் காட்டுவது அவர் வழக்கம். இந்த வீட்டு வாசலில் நின்று உத்தரத்தைக் காட்டி, கயிறு எத்தனை முறுக்கு, ஒரு மூட்டைக்கு எத்தனை இழுப்பு என்று அவர் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மேலே கண்ணாடி உடைந்தது.

டேப்பம்மா பையைக் கீழே போட்டுவிட்டு வந்து மருமகளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் காபிக் கடைக்காரர், அவருக்கும் பின்னால் ஆம்புலன்ஸ்காரர்களில் இளையவர். கையில் சுத்தாதீங்க, கைக்குக் கை மாத்தி விடுங்க என்று மருமகள் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மேலே தச்சரும் மூத்த ஆம்புலன்ஸ்காரரும் ஸ்ட்ரெச்சரை மெல்ல வெளியே தள்ளினார்கள். கயிறு விறைத்தது. உத்தரம் ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்கியது. இத்தனை நாளாக முடியாது, ஆகாது, தெரு சிரிக்கும் என்று சொன்ன காரியம் அவ்வளவு சுலபமாக நடந்தது. மருமகளுக்கு அதுதான் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். கயிற்றை மட்டும் சீராக விட்டாள்.

"மெல்ல... மெல்ல..."

மேலேயிருந்து அவர் குரல். வாய் கோணிய பிறகு அவ்வளவு தெளிவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தக் குரலுக்கு ஏற்ப நாலு பேரின் கைகளும் தானாகவே நகர்ந்தன. வெளியூர்க்காரர்களில் இரண்டு பேர் படம் பிடித்தார்கள். மூன்றாவது ஒருவர் பிடிக்கப் போய், போனைத் தாழ்த்திக்கொண்டார். காபிக் கடையின் மேல்விளிம்பைத் தாண்டும்போது இன்னொரு "மெல்ல" கேட்டது. அவர் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெருவைப் பார்த்திருந்தது. சாரம் இறக்கிய வீடுகள், வெள்ளைச் சுவர்கள், தெரியாத முகங்கள், சந்தில் அறை இருந்த இடத்தில் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகள். எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்க வேண்டும். மருமகள் அப்படித்தான் இன்றுவரை நம்புகிறாள்.

பிறகு "மெல்ல" வரவில்லை. அவள் கையை நிறுத்தினாள். ஸ்ட்ரெச்சர் ஆளுயரத்தில் தொங்கியது. மாமா என்று கூப்பிட்டாள். பின்னாலிருந்த இளைய ஆம்புலன்ஸ்காரர், நிறுத்தாதீங்க, இறக்குங்க என்றார். இறக்கினார்கள். ஸ்ட்ரெச்சரின் நாலு காலும் கல் பாவிய தெருவில் ஓசையில்லாமல் பதிந்தன.

இளையவர் கயிற்றை விட்டு ஓடினார். பெரியவரின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மார்பில் கை வைத்து அழுத்தினார், எண்ணினார், மறுபடி அழுத்தினார். மேலேயிருந்த மூத்தவர் படியில் தடதடவென்று இறங்கி வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் அவசரப்படுவதை நிறுத்தினார்கள்.

காபிக் கடைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து டேப்பம்மாவும் எடுத்தார். அவர் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. கயிறு இப்போது தளர்ந்து தொய்ந்திருந்தது. மருமகள் மட்டும் காலை அகட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பிடித்தபடியே நின்றாள்.

மூத்தவர் அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தி, இறக்கியாச்சும்மா, கீழ வந்துட்டாரு, கயித்தை விடுங்க என்றார். அவள் விடவில்லை. டேப்பம்மா அவள் தோளைத் தொட்டார். அப்போதும் அவள் ஸ்ட்ரெச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இன்னும் சொல்லலங்க" என்றாள்.